அந்த வாரத்துத் திருடன்

இன்று மயிலாப்பூர் காய்கறிக் கடையில் ஜானகி மாமியைப் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கோபாலபுரம் தெருவுக்கே அவர் வீட்டு டிவி ஒன்றுதான்.

அதில் வாராவாரம் வந்த போலீஸ் நாடகம் போகப் போக ஒரே அறுவை. ஒரு வாரம் மட்டும் அசத்திவிட்டார்கள். அந்த வாரக் கதையில், டிவி பார்க்க வரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் திருடன்.

முடிந்ததும் மாமி, எங்களோடு உட்கார்ந்து பார்த்த என் அப்பாவையே பார்த்தார். முந்தின நாள்தான் மாமியின் வெள்ளிச் சிமிழ் காணாமல் போயிருந்தது. அப்பா எழுந்து வந்துவிட்டார். பிறகு அங்கே போகவே இல்லை.

“அந்த நாடகம் வந்த மறுநாளே சிமிழ் அரிசி டப்பாவில கிடைச்சுடுத்துடி,” என்றார் மாமி இன்று.

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமி?”

“எந்த முகத்தோட சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்ட முடியவில்லை. நாடகத்துக்கு மறுநாள் காலை அப்பா குளிக்கப் போனபோது, அவர் பெட்டியை நானும் திறந்து பார்த்தேன்.

நீங்கள் யார் பெட்டியைத் திறந்தீர்கள்?