ரசம் சிந்தும் வேகம்

வண்டி பழுது பார்ப்பவனுக்குக் கைதான் முக்கியம் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் முக்கியம் காது, அதுவும் வண்டிக்காரர் வாயால் போட்டுக் காட்டும் சத்தங்களைச் சிரிக்காமல் கேட்கிற காது. 'கடகட' என்பார்கள், 'விய்ய்ங்' என்பார்கள். ஒருவர் என் முன்னால் நின்று உடம்பையே குலுக்கிக் காட்டினார். என்னைப் போல வொர்க்‌ஷாப் வைத்து அவதிப்படும் சகோதரர்களே, சிங்கப்பூர் செம்பவாங்கில் நான் பட்டதை நீங்களும் எங்காவது பட்டிருப்பீர்கள். ஆனால் ஒரே பிக்கப் வண்டியிடம், அதுவும் மகளின் நிச்சயதார்த்த வாரத்தில், பட்டிருக்க மாட்டீர்கள்.

அக்காவின் ஸ்பீடோமீட்டர்

பத்மா அக்கா லிட்டில் இந்தியாவில் கேட்டரிங் நடத்துகிறார். திங்கட்கிழமை அவர் தம்பி சேகர் பிக்கப்பை ஓட்டிவர, அக்காவும் கூடவே வந்து இறங்கினார். வண்டியின் முன்பக்கம் ஆடுகிறதாம். எந்த வேகத்தில் என்று கேட்டேன். "அம்பதுல ரசம் சிந்துது. அறுபதுல சாம்பார். பாயசம் கெட்டி பாருங்க, அது எழுபது தாண்டினாத்தான் சிந்தும்" என்றார். இவ்வளவு துல்லியமாக எந்த வாடிக்கையாளரும் எனக்குச் சொன்னதில்லை. சிரித்துவிட்டேன்.

"சிரிங்க தம்பி, நல்லா சிரிங்க. ஞாயித்துக்கிழமை உங்க மக நிச்சயத்துக்கு சாப்பாடு இதுலதான் வருது" என்றார் அக்கா. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. சம்பந்தி குவீன்ஸ்டவுன்காரர், நாக்கு நீளம். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுக் கேசரியில் முந்திரி குறைவு என்று சபையில் சொன்னவர். இந்தப் பாயசமாவது அவர் வாயை அடைக்கும் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். அதில் சாம்பார் கலந்து வந்தால் நான் வொர்க்‌ஷாப்பிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிக்கப்பின் பின்னால் எழுபது என்று வேக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எழுபதைத் தாண்டக் கூடாத வண்டியில் பாயசம் எப்படிச் சிந்தியது என்று சேகரைத் தனியாகக் கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணே, அது பின்னாடி வர்றவங்க படிக்கிறதுக்குலா."

மடியில் பானை

ஓட்டிப் பார்த்தால்தான் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகலாம் என்றேன். "தண்ணி வேற, ரசம் வேற" என்று அக்கா வண்டியிலிருந்த ஒரு பானை ரசத்தையே கொடுத்துவிட்டார். என் பார்ட்னர் இஸ்மாயில் அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பாவம், அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி ஐம்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கியது. சீட் நடுங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு முன்சக்கரத்தில்தான். நான் சொல்வதற்குள் இஸ்மாயில், முகத்தில் வழிந்ததை நக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "முன்சக்கரம்தாண்ணே. ரசத்துல உப்பும் கொஞ்சம் கம்மி."

காலையில் மட்டும் மக்கர்

முன்சக்கரங்களில் ஈயக்கட்டி ஒட்டி, சுற்றிலும் எடை சமமாக்கி, பேலன்ஸ் செய்து அனுப்பினோம். ஆட்டம் நின்றது. புதன்கிழமை சேகர் வேறு புகாரோடு வந்து நின்றான். மூன்றாவது கியர் விழவில்லை. காலையில் மட்டும்தான் இந்த மக்கர், வெயில் ஏறியதும் வெண்ணெய் மாதிரி விழுகிறதாம். வண்டி சூடாவதற்கு முன் கியர் முரண்டு பிடித்தால் எண்ணெய் கெட்டுப்போயிருக்கலாம். எனவே கியர் எண்ணெயை மாற்றினேன். மறுநாள் காலையும் அதே கதை.

கடைசியில் இஸ்மாயில் கியர் கம்பியின் அடியிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றினான். உள்ளே பால்கோவா! சேகருக்குத் தினமும் காலையில் தே தாரிக், அதாவது கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி ஆற்றிய டீ வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கியர் கம்பியில் மாட்டிக்கொண்டு ஓட்டுவான். ஒவ்வொரு கியருக்கும் பை குலுங்கி, வழிந்த டீயெல்லாம் அடியில் இறங்கியிருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க் ராத்திரி இறுகி, மத்தியான வெயிலில் இளகியிருக்கிறது. துடைத்து எடுத்துச் சேகரிடம் காட்டினேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "அப்போ இனிமே கோசோங் வாங்கிக்கிறேண்ணே, சீனியே இல்லாம."

மழை விட்ட பிறகு

வெள்ளிக்கிழமை அடைமழை. சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்: வண்டி மறுபடி ஆடுகிறது, ரசம் மறுபடி சிந்துகிறது. சனிக்கிழமை காலையில் பிக்கப்பைத் தூக்கி நிறுத்திவிட்டு, முன்பக்கத்து மூட்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் கல்லுமாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹாலில் மேடை கட்டியாகிவிட்டது, மகள் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு டயரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அண்ணே, புளிச்ச வாடை வருது" என்றான் இஸ்மாயில். கழற்றி வைத்த சக்கரத்தை மோந்து பார்த்தோம். ரிம்மின் உள்பக்கம் வெள்ளையாக, பெயின்ட் அடித்ததுபோல ஒன்று ஒட்டியிருந்தது. பெயின்ட் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். சுரண்டினால் தோசை மாவு! மாவு வாளிக்குச் சரியான மூடி கிடையாது என்று சேகர் அப்போதுதான் சொன்னான். மேடு பள்ளத்தில் தளும்பிய மாவு, பின்தட்டின் ஓட்டை வழியாகப் பின்சக்கரத்தில் ஒழுகி, காய்ந்து இறுகியிருக்கிறது. போன மாதம் பின்சக்கரத்தை முன்னால் மாற்றிப் போட்டபோது மாவும் சேர்ந்து முன்னால் வந்துவிட்டது. திங்கட்கிழமை நாங்கள் பேலன்ஸ் செய்தது மாவோடு சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை மழையில் பாதி மாவு கரைந்து போயிருக்கிறது. பிறகு ஆடாமல் என்ன செய்யும்?

சுரண்டி, கழுவி, மறுபடி பேலன்ஸ் செய்துவிட்டு, பயந்துகொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன். சக்கரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அடப்பாவி சேகரு! அரைச்ச மாவு குறையுதுன்னு நான் கிரைண்டரையே மாத்திட்டேனே!"

ஒரு சொட்டு

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியோடு வாசலிலேயே நின்றேன். பிக்கப் வந்ததும் பெண்ணின் அப்பா என்பதையே மறந்து ஓடிப்போய்ப் பானைகளைத் தடவிப் பார்த்தேன். ரசப்பானையின் வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. பாயசத்தின் மேல் முந்திரி வைத்தது வைத்தபடி இருந்தது. பந்தியில் சம்பந்தி ஒரு கப் குடித்தார், இன்னொரு கப் கேட்டார், முந்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்த சம்பந்தி, நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் என் தோளில் கை போட்டு கார்நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். ஏதோ வரதட்சணைப் பேச்சோ என்று, வங்கிக் கணக்கில் மிச்சமிருப்பதை மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். தன் காரின் முன்னால் நின்றவர், கன்னத்தை உப்ப வைத்து ஒரு சத்தம் போட்டார். "சம்பந்தி, இடது பக்கம் ஒடிச்சா மட்டும் இப்படி 'டுக்கு டுக்கு'ன்னு கேக்குது, குனிஞ்சு ஒரு பார்வை பாத்துடுங்களேன்!"

பட்டு வேட்டியில் கிரீஸோடு நான் திரும்பி வந்தபோது அக்கா பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்: ஒரு சொட்டு சிந்தாமல் வந்து சேர்ந்த அந்தப் பாயசத்தில், ஒரு சொட்டுகூடக் கிடைக்காத ஒரே ஆள் நான்தான்.