ஏழாவது குழியில் அவிழ்த்த ஷூ

விழுப்புரத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் மகள் கோல்ஃப் ஆடுகிறாள் என்று சொன்னால், நான் எப்போதும் விளையாட்டாகப் பேசுகிற ஆள் என்பதால், கேட்பவர்கள் சிரித்துவிட்டு, "சரி, மெய்யாலுமே இன்னா விஷயம், அத்த சொல்லு" என்பார்கள்.

விஷயமே அதுதான். திண்டிவனத்துக்கு வெளியே, என் மனைவியின் ஊரில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த கொல்லைகளை வாங்கி ஒரு ரிசார்ட் கட்டினார்கள். கூடவே புல் வளர்த்து ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம். நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இலவசம் என்றார்கள். எனக்கு இஷ்டமில்லை. மனைவிதான், "நெலத்ததான் குடுத்துட்டோம், அந்தப் புல்லயாவது புள்ள மிதிக்கட்டும்" என்றாள்.

ஏழாவது குழிக்குப் பந்தடிக்கிற மேடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அடியில் மஞ்சள் துணி சுற்றிய மூன்று கற்கள். மனைவி வீட்டாரின் குலதெய்வம். அதைப் பெயர்க்க எந்தக் கூலியாளும் கை வைக்கவில்லை. ரிசார்ட்காரர்கள் சுற்றிலும் கயிறு கட்டி, செடி வைத்து, அழகாக்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த மேடைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு அடிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செருப்புக் காலோடு சாமி கும்பிடுவது எப்படி?

முதல் வருடம் சிறுவர் போட்டி வைத்தபோது நான் வேடிக்கை பார்க்கப் போனேன். சென்னையிலிருந்து, புதுச்சேரியிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு பையன் புல்லைக் கிள்ளி மேலே வீசிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். குந்தி உட்கார்ந்து பார்த்தான். தூரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையை ஆட்ட, கையிலிருந்த மட்டையை மாற்றினான். பந்தைத் தொடாமல் நான்கு தரம் வீசிப் பார்த்தான். அந்த நேரத்துக்குள் நான் ஒரு மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியே சுற்றிக் கட்டிவிடுவேன். பின்னால் மற்ற பிள்ளைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். என் மகளும்தான்.

அடுத்த போட்டிக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போவதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டார் நடுவர், தொப்பி போட்ட ஒரு மனிதர். இங்கிலீஷில் நிறைய யோசனை வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, கரண்டு பில்லு கட்டலன்னா கனெக்‌ஷன கட் பண்றான்ல? அப்பதான் ஜல்தியா கட்றோம். அதே மாதிரி, ஒரு அடிக்கி நாப்பது செகண்டு. தாண்டுனா ஒரு அடி சேத்துப் போடுங்க. வார்னிங்லாம் குடுத்துக்கினு இருந்தா எவனும் கேக்க மாட்டான்."

கை தட்டினார்கள். கோல்ஃபில் அடிகள் குறைவாக எடுப்பவர்தான் ஜெயிப்பார், அதனால் ஒரு அடி சேர்வது பெரிய தண்டனை. அதையே விதியாகவும் ஆக்கினார்கள். அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்: கோல்ஃபுக்கே சட்டம் போட்டுட்டு வந்துருக்கேன், உன் மோட்டாரு எந்த மூலைக்கு.

அந்தப் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்களுக்குப் பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சி முகாம், செலவு ரிசார்ட்காரர்களுடையது. மகள் ஒரு வாரம் முன்பே பரணிலிருந்து டிராவல் பேகை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டுவிட்டாள். போட்டியன்று காலையில் அவள் ஷூ லேஸை நானே இரட்டை முடிச்சாகப் போட்டேன். நடுவில் அவிழ்ந்து நேரம் வீணாகக் கூடாதில்லையா.

இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். அவளுக்கு ஜோடி, போன வருடம் புல் கிள்ளிய அதே பையன். இந்த வருடமும் கிள்ளினான். ஆறாவது குழி முடிவதற்குள் முன்னால் போன ஜோடி கண்ணுக்கே தெரியவில்லை. நடுவர் வந்து, "உங்க ஜோடி லேட்டு. இனிமே ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் பாப்பேன்" என்றார்.

வழக்கமாக, கூட ஆடுகிற பிள்ளை காற்றெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் இவள் ஏழாவதில் கும்பிட்டு ஷூவையும் மாட்டியிருப்பாள். அன்று கயிற்றுக்கு வெளியே நின்ற அந்த அப்பா, உடனே அடி என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பையன் மேடையில் ஏறினான், அடித்தான், இறங்கினான். புல்லும் இல்லை, காற்றும் இல்லை. மகள் வேப்பமரத்தடியில் முதல் முடிச்சில்தான் இருந்தாள். நடுவர் வாட்சை அமுக்கிவிட்டார்.

என் முடிச்சு. நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள். ஆட்டம் நடக்கும்போது பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில்கூட மூடாத வாய் இது. மூடிக்கொண்டு நின்றேன். அவள் கழற்றினாள், கும்பிட்டாள், மாட்டினாள், அடித்தாள். அன்றைக்கு மைதானத்தில் அதைவிட நல்ல அடி யாரும் அடிக்கவில்லை. பந்து குழிக்குப் பக்கத்திலேயே போய் நின்றது.

"ஒரு அடி பெனால்டி" என்றார் நடுவர்.

அந்த ஒரே அடியில் மூன்றாம் இடம். இரண்டாம் இடம் பையனுக்கு.

பந்தலில் போய் நடுவரைப் பிடித்தேன். "அது சாமிங்க. வெளாட்டுக்குக் கழட்டல."

"புரியுது சார். நாங்களும் போன வருஷம் மாதிரி ஒரு வார்னிங்கோட விட்டுருப்போம். நீங்கதான வேணான்னு சொன்னீங்க?" அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பையனின் அப்பா வந்து கை கொடுத்தார். "உங்க டாட்டர் செம டேலண்ட் சார். டைம் மேனேஜ்மென்ட் மட்டும் கொஞ்சம் கவனிங்க."

கவனிக்கிறேன் என்று சொன்னேன். கையையும் குலுக்கினேன். வேறு என்ன செய்ய?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், மயிலம் கூட்டுரோடு தாண்டிய பிறகுதான் பேசினாள். "காலையிலேந்து அவனுக்காக நான் நின்னுக்கினே இருந்தேம்பா. அதுக்கு வாட்ச் இல்லையா?"

"கூட்டத்துல அத்தக் கேக்க மறந்துட்டேன் பாப்பா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

மறுமாதம் விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி லேஸ் இல்லாமல் ஒட்டுகிற ஷூ கேட்டேன். "எல்.கே.ஜி. புள்ளைக்காண்ணே?" என்றான் ஒரு கடைக்காரன். "எனக்குத்தான்பா, எனக்கு முடிச்சு போடத் தெரியல" என்றேன். எப்படியோ அவள் அளவுக்கு ஒரு ஜோடி கிடைத்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒட்டுகிற பட்டையை ஒரு தரம் பிரித்தாள், திரும்ப ஒட்டினாள்.

"வேணாம்பா. திருப்பிக் குடுத்துரு."

"ஏம்மா? ஏழாவதுல சட்டுனு கழட்டலாம்ல?"

"இப்பல்லாம் நான் அங்க கழட்றதில்ல. நேரா மேடைக்குப் போய் அடிச்சிட்டு வந்துர்றேன்." சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஷூ கடைக்குத் திரும்பிப் போனேன்.