அத்தை ரேகை வைத்த காகிதம்

இந்த ஊரில் காகிதம் தின்பதற்கென்றே ஒரு லாரி இருக்கிறது. பனி விட்ட பிறகு ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும். ஜனங்கள் பழைய ரசீது, வங்கிக் கடிதம், வரிக் காகிதம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, கையில் காபியோடு வரிசையில் நிற்பார்கள். கண் முன்னாலேயே அத்தனையும் தூளாகிவிடும். கனடா வந்து பதினோரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நன்னிலம் பக்கத்தில், நிலவரிக் கிஸ்தி கட்டிய துண்டுச் சீட்டைக்கூட மடித்துப் பெட்டியில் பூட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான்.

இந்த வருடம் நானும் மூன்று பெட்டிகளோடு வரிசையில் நின்றேன். கராஜைச் சுத்தம் செய்த என் கணவர் முரளி கட்டிக் கொடுத்தவை. முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மார்கரெட், இறந்துபோன தன் அம்மாவின் காகிதங்களைக் கொண்டுவந்திருந்தார். "சொத்தெல்லாம் பிரித்து முடித்து ஏழு வருடம் ஆகிவிட்டது, இனி இது வெறும் குப்பை" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. எதுவும் முடிந்த மாதிரியே எனக்குத் தோன்றியதில்லை.

முதல் பெட்டியை லாரிக்காரரிடம் கொடுத்து, அது உறுமி அடங்கியபோது ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"வசந்தா, அப்பா ஃபைலு ஒங்கிட்டதானம்மா இருக்கு?"

"ஆமாண்ணே. ஏன்?"

"பெரியப்பா மவன் தாலுகா ஆபீஸ்ல மனு கொடுத்துட்டான். பட்டாவுல இருக்குற சாமிக்கண்ணு வேற, நம்ம அப்பா சாமிநாதன் வேறங்குறான். அத்தை ரேகை வச்ச காயிதத்தோட அடுத்த மாசம் விசாரணைக்கு வரச் சொல்லிட்டாங்க. அசலுதான் வேணுமாம். அது இல்லன்னா நெலத்த மறந்துட வேண்டியதுதான்."

லாரியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஃபைல் இருந்தது கராஜில்தான்.

அப்பாவுக்கு வீட்டுப் பெயர் சாமிக்கண்ணு, பள்ளிக்கூடத்துப் பெயர் சாமிநாதன். தாத்தா எழுதிய பத்திரத்திலும் பட்டாவிலும் ஒன்று, ரேஷன் கார்டிலும் இறப்புச் சான்றிதழிலும் இன்னொன்று. அப்பா இறந்த பிறகு இதைச் சரிசெய்ய, கீழ்வேளூரிலிருந்து அப்பாவின் அக்காவான அத்தையைக் காரில் கூட்டிவந்து நோட்டரி வக்கீல் முன்னால் உட்கார வைத்தோம். இருவரும் ஒருவரே என்று வக்கீல் எழுதியதை வாசித்ததும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேரு வச்சா ரெண்டு ஆளாயிடுவானா? இடுப்புல தூக்கி வளத்தவ சொல்றேன், எழுதிக்குங்க" என்று கட்டைவிரலை அழுத்தினார். அடுத்த வருடமே அத்தையும் போய்விட்டார். அந்த ரேகையை இனி யாரிடம் போய் வாங்குவது?

அவ்வளவு முக்கியமான காகிதம் ஏன் ஊரில் இல்லை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகையை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டுக்குள் வைப்பதில்லை. இறப்புச் சான்றிதழோடு இருந்ததால் அண்ணிக்கு அந்த ஃபைலே சாவுக் காகிதமாகிவிட்டது. கொண்டுபோய் பம்புசெட்டுக் கொட்டகையில் செருகிவிட்டார். "புள்ளைங்க இருக்குற வீடு வசந்தா, கோவிச்சுக்காதீங்க" என்றார். படித்தவள் என்ற திமிரில் எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. கனடாவில் அந்தச் சாஸ்திரமெல்லாம் கிடையாது என்று நானே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். வந்து என்ன செய்தேன்? வீட்டுக்குள் கொண்டுபோக எனக்கும் மனம் வரவில்லை. கராஜில், பனிக்கால டயர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணியைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மற்ற இரண்டு பெட்டிகளையும் தார்த்தரையில் கவிழ்த்தேன். காற்றில் பறந்தவற்றை வரிசையில் நின்றவர்கள் ஓடிப் பிடித்தார்கள். மின்சார பில், மகளின் பழைய வீட்டுப்பாடம், கார் இன்ஷூரன்ஸ். என் அழுகையைப் பார்த்த மார்கரெட் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். "அப்பாவை விட்டுவிடு, வாஸ். விட்டால்தான் மனம் ஆறும்" என்றார். இல்லை, எனக்கு அவருடைய பெயர் வேண்டும், அண்ணனுக்கு நிலம் வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? கடைசிப் பெட்டியின் அடியில் பச்சை ஃபைல் கிடந்தது. அத்தையின் ரேகை அப்படியே இருந்தது. முதல் பெட்டியில் முரளி அதை வைத்திருந்தால் இந்நேரம் தூளாகியிருக்கும்.

கூரியரில் அனுப்பினேன். அது ஊர் போய்ச் சேரும்வரை அரை மணிக்கொருதரம் போனைப் பார்த்தேன். விசாரணை நடந்த அன்று அண்ணன் மறுபடி கூப்பிட்டார். அப்பா பெயர் விஷயத்தில் அத்தை காகிதத்தை ஏற்றுக்கொண்டார்களாம். இப்போது சிக்கல் என் பெயரில். வாரிசுச் சான்றிதழில் நான் சா. வசந்தகுமாரி. என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி வசந்தா முரளிதரன். இரண்டும் ஒருவர்தானா என்று பெரியப்பா மகன் அடுத்த கேள்வியைப் போட்டிருக்கிறான்.

"நான் சொன்னா செல்லாதாம்மா, இந்த மனுவுல நானே ஒரு கட்சிக்காரனாம். ஒன்னயப் பொறந்ததுலேருந்து தெரிஞ்சவங்க யாராவது சொல்லணுமாம்" என்றார். அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். இப்போது அத்தையும் இல்லை. "சரி, நீயாவது சத்தியம் பண்ணி எழுதி அனுப்பு, கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

இங்குள்ள நோட்டரி ஓர் இளைஞர். இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, இதில் இறந்தவர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை, இரண்டும் நான்தான் என்றேன். அவருக்குக் குழப்பம் தீரவில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரில்தான் கையெழுத்து வாங்க முடியும் என்றார். என் பையிலிருந்த எல்லா அட்டையும் வசந்தா முரளிதரனுடையவை. சாமிநாதன் மகள் வசந்தகுமாரிக்கு இந்த நாட்டில் ஒரு காகிதமும் கிடையாது. அண்ணனின் நிலத்துக்காக, அவளைப் பிறந்தது முதல் எனக்குத் தெரியும் என்று வசந்தா முரளிதரன் பெயரில் நான்தான் அவளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.