புளிக் கிண்ணம்

எழுபதுகளில் சதுரங்கப்பட்டினத்தில் எனக்கு வேலை. அங்கே ஒரு மீன்காரம்மா இருந்தாள். புரட்டாசி விரதத்தில் யாரும் மீன் வாங்காததால், அந்த மாதம் மட்டும் சந்தையில் தன் தோட்டத்துப் புடலங்காயும் தானே முடைந்த ஓலைப் பெட்டிகளும் விற்பாள். மெலிந்த உடம்பு, தூக்கம் போதாத கண்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் புளிக்கரைசல் இருக்கும். மீன் வாடை போக, அதில் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

வருகிறவர்கள் காயை முகர்ந்து பார்ப்பார்கள். பாதிப் பேர் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை நானும் என்னையறியாமல் முகர்ந்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"நாத்தம் வருதா சார்?" என்று கேட்டாள். "பொறந்ததுலேந்து இதுலயே கீறேன். எனக்குத் தெரிய மாட்டேங்குது. இல்லன்னு நீ சொன்னா கழுவறத வுட்டுர்றேன். கை எரியுது."

லேசாக வந்தது.

"இல்லம்மா" என்றேன்.

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்போது நெற்றியில் நாமத்தோடு ஒருவர் வந்தார். காயை எடுத்தார், முகர்ந்தார், வைத்துவிட்டு நடந்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கிண்ணத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.