தொட்டியில் நீந்திய ரப்பர் மீன்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆபீஸ் வங்காளி நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் கோஷ்டியில் தன்னையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டும். மூன்று வருஷமாக ஜாதவ்பூர் தாண்டி ஒரு குளத்துக்கு அவர்களோடு போனார், டீ ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு. அவர்கள் தூண்டில் முள்ளில் மண்புழுவும் எறும்பு முட்டையும் குத்துவார்கள். சுத்த சைவமான இவர் புழுவைத் தொட மாட்டார். "தாதா, சா", அதாவது அண்ணா, டீ, என்று அவர்கள் கை நீட்டினால் ஊற்றிக் கொடுப்பார்.

அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி தூண்டிலில் இரையாக மாட்டுகிற ரப்பர் மீன் ஒரு பாக்கெட் கொண்டுவந்தான். விரல் நீளம், கொழகொழவென்று, வால் நுனியில் குட்டித் துடுப்பு மாதிரி ஒரு தட்டை. கூடவே ஈயத்தலை வைத்த முள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. புழு வேண்டாம், பாவம் பாதி குறைந்தது என்று அவர் கணக்கு.

எங்கள் லேக் மார்க்கெட் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் ஒத்திகை நடந்தது. மீன் நீந்தவில்லை, மல்லாந்து சுற்றியது.

"உங்களை மாதிரியே இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றேன்.

"சிரிக்காதே. வந்து பார்."

பார்த்தேன். முள்ளை மூக்கில் நுழைத்து முதுகில் கோணலாக வெளியே எடுத்திருந்தார். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கத் தெரிந்த எவளும் அப்படிச் செய்ய மாட்டாள். முள்ளைக் கழற்றி மீனின் பக்கத்தில் வைத்து அளந்து, அது வெளியே வர வேண்டிய இடத்தில், முதுகின் நடுக்கோட்டில், என் கண்மையால் ஒரு பொட்டு வைத்தேன். மறுபடி மூக்கில் நுழைத்து, அந்தப் பொட்டு வழியாகவே முள்ளை வெளியே எடுத்து, சுருங்கிக் கிடந்த உடம்பை நீவி நேராக்கினேன். நூலை இழுத்ததும் வால் படபடவென்று அடித்தது. நிஜ மீனே தோற்றுப்போகும். எனக்கு ஒரே பெருமை.

அந்த ஞாயிறு அவர் ரப்பர் மீனை ஒரு கை நீள விரால் கவ்வியது. கோஷ்டியில் அன்றைக்கு அதுதான் பெரிசு. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்களாம். அவருக்காக ஒருவர் டீ ஊற்றிக் கொடுத்தாராம். மூன்று வருஷத் தவம்.

வீட்டுக்கு வந்தவர் இரண்டு தரம் குளித்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, ஜெயிச்சவர் சாப்பிடலையா?"

"மீன் வாயிலேர்ந்து முள்ளை நான்தான் எடுத்தேன். என்னையே பார்த்துண்டிருந்தது" என்றார்.

புழுவுக்குப் பயந்த மனுஷர் மீனை நினைக்கவே இல்லை. நான் மட்டும் நினைத்தேனா? வால் அடிக்கிறதா என்றுதானே பார்த்தேன். அதை அவ்வளவு நேராக நீந்தவைத்த கை என்னுடையது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டார்கள், தூண்டிலை மறக்காதே என்று. இவர் தூண்டிலை எடுக்கவில்லை. அடுக்களைக்கு வந்து, ஃபிளாஸ்கை அவரே அலம்பி என்னிடம் நீட்டினார். கேலி வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு ஏலக்காயைத் தட்டிப்போட்டு டீ வைத்து, அவருக்கும் சேர்த்து ஒரு கப் கூடுதலாக ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன்.