வசந்தி அக்காவின் ஹோம் ரன்கள்

வசந்தி அக்கா போய்விட்டா. இன்று விடிய, ஆஸ்பத்திரியில். அவவின் மகள்தான் போன் எடுத்துச் சொன்னாள்.

இங்கே பலருக்கு அவவைத் தெரியாது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் பக்டரியில் என்னோடு ஒரே மெஷினில் நின்றவ. ஷாம்பூ போத்தல் மூடிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போடுகிற வேலை.

ஆனால் நான் எழுத வந்தது அதை இல்லை. அந்தப் பக்கத்து பக்டரிகள் எல்லாம் சேர்ந்து வெயில் காலத்தில் நடத்திய சமர் பேஸ்போல் லீக்கில், ஒரு சீசனில் ஆகக் கூடுதலான ஹோம் ரன் அடித்த ஆள் இந்த வசந்தி அக்கா. ஆம்பிளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

முதல் மட்ச்... டீமுக்கு ஆள் காணாது என்று சுப்பவைசர் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துவிட்டார். அக்கா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே டீமில் இருந்தவ. எல்லேயும் பேஸ்போல் மாதிரித்தான், ஆனால் ஓடுகிற ஆளுக்குப் பந்தால் எறிந்து அவுட் ஆக்கலாம். மனுசி இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டா.

எதிர் டீமின் போர்மன் ஓடுகிறார், நல்ல பெரிய உருப்படி. அக்கா விட்டா ஒரு எறி... நடு முதுகில். விட்டுவிட்டு "அவுட்! அவுட்!" என்று துள்ளுகிறா.

"என்னக்கா செய்தனீங்கள்? ஆளைக் கொல்லப் பாத்தியளே!"

"பின்ன? அவர் ஏன் குனியாமல் ஓடினவர்?"

போர்மனும் சிரித்துவிட்டார், நல்ல காலம்.

அடுத்து அக்கா பேஸ்போல் பட்டைத் தூக்கினா. முதல் பந்தே வேலிக்கு மேலால் போய் கார் பார்க்கில் விழுந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் லஞ்ச் பிரேக்கில் பக்டரிக்குப் பின்னால் நான் பந்து போடுவேன், அவ அடிப்பா. பத்து நிமிசம் சாப்பாடு, மிச்சம் முழுக்கப் பந்து.

பந்து வேலி தாண்டி ஹோம் ரன் ஆனால் ஆறுதலாக நடந்தே சுற்றி வரலாம். ஆரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அக்கா தலைதெறிக்க ஓடுவா. ஏனக்கா என்றால், "அடிச்ச சந்தோசத்தில நடக்கேலாமல் கிடக்கு" என்பா.

ரெக்கோர்ட் வைத்த அன்று லஞ்ச் ரூம் பலகையில் அவவின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். ஒரு போட்டோ எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை...

பிறகு கொழும்பில் இருந்து அக்காவின் மனுசன் வந்தார். பிள்ளைகள், இரண்டு வேலை, அஜக்ஸில் வீடு. பக்டரியையும் மூடிவிட்டார்கள். அக்கா அதற்குப் பிறகு பட்டைத் தொடவே இல்லை.

ஆனால் எப்போது போன் எடுத்தாலும் கடைசியில் இதைக் கேட்பா. "வீட்டுக்குப் பின்னால பார்க் சும்மாதான் கிடக்கு. சமருக்கு வாருமன், எனக்கு ரெண்டு பந்து போட்டுவிடும்."

"ஓம் அக்கா, வாறன்."

நான் வோபர்னில், அவ அஜக்ஸில். 401 ஹைவே எடுத்தால் அரை மணித்தியாலம். அங்கே கலியாண வீட்டுக்குப் போனேன், பிள்ளை பெரிசான சாமத்திய வீட்டுக்குப் போனேன். சேலையோடு எப்படியக்கா பந்து போடுகிறது என்று பகிடி விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த லஞ்ச் பிரேக்கில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்காதா என்று கிடக்கிறது.

காலையில் மகள் செய்தியைச் சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை.

"அன்ரி... அம்மா ஹோம் ரன் அடிச்சவ, ரெக்கோர்ட் வச்சவ எண்டு சொல்லுவா. நாங்கள் நம்பேல்லை. வீ ஜஸ்ட் லாஃப்ட். அது உண்மையா?"

"ஓம் பிள்ளை. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்."

"ஒருநாளைக்கு அடிச்சுக் காட்டுறன் எண்டு சொல்லுவா அன்ரி. பந்து போட நீங்கள் வரோணுமாம்..."

பிள்ளைகளுக்கு அடித்துக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டவ என்று எனக்குத் தெரியாது. அவ ஒருநாளும் சொல்லவில்லை.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. போயிட்டு வாங்கோ.