பெனால்டி கார்னருக்குத் திரும்பிக்கொள்பவர்

நான் படித்த கல்லூரியின் ஹாக்கி ஆட்டங்களுக்கு அவர் கேப் டிரைவர் யூனிஃபார்மோடு வருவார், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து. ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. கல்லூரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் போதும், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார்.

“என்னாச்சு சார்?” என்று பக்கத்தில் நிற்கும் என்னிடம் கேட்பார்.

இந்த சீசனில் பெரும்பாலும் “கோல்” என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி ஆட்டத்தில் ஒரு கார்னரை எங்கள் கோல்கீப்பர் தடுத்துவிட்டான். சொன்னேன்.

“சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

அதன் பிறகு மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

வெளியே டீக்கடையில் எல்லோரும் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நெஜமாவே தடுத்தானா சார்?”

“தடுத்தான்ணா.”

“வருஷம் பூரா வந்து, அந்த ஒண்ண விட்டுட்டேன் பாருங்க. எந்தக் கால்ல தடுத்தான்?”

“இடது கால்ல.”

தன் இடது காலை லேசாக நீட்டிப் பார்த்தார். பிறகு நிம்மதியாக டீயைக் குடித்தார்.

பந்து கோல்கீப்பரின் கால் பேடில் மோதிய சத்தம்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.